ஒன்றாம் எண் வில்லை

ஐயா அவர்களுக்கு,

ஆடி மாதத்தில் ஓசூர்ப் பக்கம் குளிரும் என்று சொன்னால் தருமபுரியிலிருந்து வருகிறவர்கள் நம்புவதில்லை. நீங்களும் கம்பளி இல்லாமல்தான் வந்திருக்கிறீர்கள். விசாரணை நடந்த நாலு நாளும் கையைத் தேய்த்துக்கொண்டே கேள்வி கேட்டீர்கள். பார்க்கப் பாவமாக இருந்தது. நீங்கள் தங்கியிருக்கும் டிராவலர்ஸ் பங்களாவின் வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீங்கள் திரும்பி வர மதியமாகும் என்று குமாஸ்தா சொன்னார். அவசரம் இல்லை.

ஜான்பீட்டர் செத்துப்போன விஷயத்தில் உங்கள் விசாரணை முடிந்துவிட்டது. என்னை யாரும் எதுவும் எழுதச் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். என் பெயர் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் தாளில் இருக்கட்டும். தேவமணி, வயது முப்பத்தெட்டு, சூளகிரிக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகம் போன வருஷம் திறந்த தொழில்நுட்பக் கல்வி மையத்தில் ஸ்டோர்கீப்பர். ஜான்பீட்டர் அங்கே தலைமை இன்ஸ்ட்ரக்டர். என் தங்கை ஜெபசீலியின் புருஷன்.

மையம் வந்தபோது இந்தப் பக்கத்து ஜனங்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். கல் உடைக்கிறவன் பிள்ளையும் கேழ்வரகு அறுக்கிறவன் பிள்ளையும் ஒரு வருஷம் படித்துவிட்டுப் பெங்களூர் ஃபாக்டரிகளுக்கு ஃபிட்டராகவும் டர்னராகவும் போகலாம் என்றால் யார்தான் ஆடமாட்டார்கள். நானும் ஆடினேன். இயந்திரங்கள் மட்டும் பழசு. எங்கேயோ மூடிப்போன ஒர்க்‌ஷாப்பிலிருந்து லாரியில் வந்து இறங்கின. கூரைக்குக் கீழே நீளமாக ஒரு இரும்புத் தண்டு. ஒரே மோட்டார் அதைச் சுற்றும். அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு லேத்தையும் ஓட்டும். சாரல் காலத்தில் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும். யாராவது ஏணி போட்டு ஏறி, பெல்ட்டை வெட்டிச் சுருக்கித் தைக்கவேண்டும். ஏறியவன் மேலே இருக்கும்போது கீழே எவனாவது மோட்டாரைப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று முதல் நாளே கேட்டவன் நான்தான்.

அதற்காகத்தான் வில்லைகள். முப்பத்தொரு பித்தளை வில்லைகளையும் நான்தான் வெட்டினேன், நம்பரும் நான்தான் குத்தினேன். சில நம்பர்கள் சாய்ந்திருக்கிறதே என்று நீங்கள் விசாரணையில் கேட்டீர்கள். அந்தப் பித்தளை சமமில்லாத தகடு. மாணவர்களுக்கு முப்பது, ஜான்பீட்டருக்கு ஒன்று. அவனுடையதுதான் ஒன்றாம் எண். சும்மா இருக்கும் வில்லைகள் என் ஸ்டோர் ஜன்னலுக்குப் பக்கத்துப் பலகையில் அதனதன் ஆணியில் தொங்கும். ஏணியில் ஏறுகிறவன் தன் வில்லையை எடுத்துப்போய் மெயின் சுவிட்சின் கீழே இருக்கும் கொக்கியில் மாட்டவேண்டும். கொக்கியில் வில்லை இருந்தால் சுவிட்சை யாரும் தொடக்கூடாது. மாட்டியவன்தான் எடுக்கவேண்டும், வேறு யாரும் எடுக்கக்கூடாது. இதை நான் சுவரில் பெயிண்டால் எழுதியும் வைத்தேன். எனக்கு மட்டும் வில்லை இல்லை. நம்மையெல்லாம் கணக்கு வைக்கிறவனுக்கு வில்லை எதற்கு என்று ஜான்பீட்டர் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இனி ஐம்பத்தேழாம் வருஷத்துக்குப் போகவேண்டும். அது தெரியாமல் உங்களுக்கு எதுவும் விளங்காது.

நானும் ஜான்பீட்டரும் தங்கவயலில் ஒரே ஒர்க்‌ஷாப்பில் அரம் பிடித்தவர்கள். அந்த வருஷம் பெங்களூரில் இருவரும் ஃபிட்டர் பரீட்சைக்குப் போனோம். ஒரு இரும்புத் தகட்டில் சதுரமாகத் துளை. அதில் பொருந்தும்படி ஒரு சதுரக் கட்டை. எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் இடுக்கில் வெளிச்சம் தெரியக்கூடாது. எல்லாம் அரத்தால் ராவியே செய்யவேண்டும். எட்டு மணி நேரம் கொடுத்தார்கள். நான் ஆறு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். அந்தக் கட்டையைத் துளையில் வைத்துவிட்டு விரலை எடுத்தால், அது தானாக, மெதுவாக உள்ளே இறங்கும். அப்படி ஒரு வேலையை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

பக்கத்தில், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸில், ஜான்பீட்டர். அவனுக்குக் கட்டைவிரலில் நகச்சுற்று. அவன் கட்டை துளைக்குள் கிலுகிலுப்பை மாதிரி ஆடியது. மறுமாதம் அவனுக்கும் ஜெபசீலிக்கும் கல்யாணம் பேசியிருந்தது. சர்ட்டிபிகேட் இருந்தால்தான் பெண் என்று எங்கள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். ஜெபசீலி அவன்மேல் உயிரையே வைத்திருந்தாள். முடித்த வேலையில் அவரவர் நம்பரை அவரவரே குத்திக் கொடுக்கவேண்டும். என் வேலையில் அவன் நம்பர் பதினெட்டைக் குத்தினேன். அவன் வேலையில் என் நம்பர் பதினேழைக் குத்தினேன். அவன் என்னைக் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன் மச்சான் என்றான்.

நான் அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அடுத்த வருஷம் விஷக்காய்ச்சல் வந்து நாற்பது நாள் படுத்துவிட்டேன். ஐம்பத்தொன்பதில் எழுதினேன். கொடுத்த அரம் மழுங்கல். அறுபதில் எழுதினேன். ஜன்னல் பக்கம் இடம் கிடைக்கவில்லை, வெளிச்சம் போதவில்லை. அறுபத்திரண்டில் வைஸ் ஆடியது. அதற்குமேல் போகவில்லை.

ஜான்பீட்டர் அந்தச் சர்ட்டிபிகேட்டை வைத்துப் படிப்படியாக ஏறினான். மையத்துக்குத் தலைமை இன்ஸ்ட்ரக்டராக வந்ததும் என்னை ஸ்டோருக்குக் கூப்பிட்டுக்கொண்டான். கொஞ்ச நாள் பொறு மச்சான், உன்னை இன்ஸ்ட்ரக்டர் ஆக்கிவிடுகிறேன் என்றான். மையத்தின் முகப்பில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறதே, அதில் நீங்களும் குனிந்து பார்த்தீர்கள். அந்தச் சதுரக் கட்டையும் தகடும் அதில்தான் இருக்கின்றன. பதினெட்டு என்று குத்தியிருக்கும். பக்கத்தில் அட்டையில் ஜான்பீட்டர், 1957 என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு புது மாணவனையும் அதன் முன்னால் நிறுத்தி, இந்த வேலை வரவேண்டும் என்று அவன் சொல்வான். நான் ஜன்னலுக்கு உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அப்போதெல்லாம் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் என்னைத் தூக்கிவிடுவான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் ஆனியில் இரண்டாவது இன்ஸ்ட்ரக்டர் வேலைக்கு ஆள் எடுக்கக் கமிட்டி வந்தது. சர்ட்டிபிகேட் இல்லாதவனையும், தலைமை இன்ஸ்ட்ரக்டர் எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருந்தது. எனக்கு அந்த ஒரு விதி போதும். அவன் நாலு வரி எழுதினால் நான் பட்டறையில் நிற்பேன், இல்லாவிட்டால் ஆணியில் வில்லை மாட்டியே கிழவனாவேன். எழுதிவிட்டேன் மச்சான், கவலைப்படாதே என்று அவனும் சொன்னான்.

எங்கள் மையத்தில் பழைய கார்பன் தாளைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் ஸ்டோரில் புதுசு கொடுப்போம். அந்த வெள்ளிக்கிழமை டைப்பிஸ்ட் அம்மாள் கொடுத்த கார்பன், ஒரே ஒருமுறை அடித்தது. நடுவில் மடிந்துபோனதால் மாற்ற வந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்ததும் அடித்த எழுத்துகள் அப்படியே தெரிந்தன. எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் வரும். தேவமணி நேர்மையானவர், ஒழுங்கானவர் என்று இருந்தது. ஆனால் அவர் கையில் துல்லியம் இல்லை, மாணவர்கள் முன்னால் அரம் பிடிக்க அவர் தகுதியில்லை என்று இருந்தது. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. முகப்பு அலமாரியில் இருக்கும் என் வேலையைக் கமிட்டி பார்த்திருக்கும், அந்தத் தரத்தை அவரிடம் எதிர்பார்க்க முடியாது என்றும் எழுதியிருந்தான்.

ஸ்டோர் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். இதை மறைக்கவேண்டியதில்லை. எங்கள் அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

சாயங்காலம் அவன் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். ஜெபசீலி காப்பி கொடுத்தாள். எப்போதும்போல அரை டம்ளர்தான். தலைமை இன்ஸ்ட்ரக்டர் வீட்டில் பாலுக்கு என்ன பஞ்சமோ தெரியவில்லை. அவள் உள்ளே போனதும் கேட்டேன்.

“கமிட்டிக்கு என்னா எழுதின மாப்ளே?”

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு, “நெஜத்தத்தான் எழுதினன். உன் கைய நீ பாக்கறதே இல்ல மச்சான்” என்றான்.

“அலமாரில கெடக்கறது யாரு கை?”

“அது பத்து வருசத்துக்கு முந்தி. இப்ப அத எடுத்துப் பேசினா ரெண்டு பேரும் தெருவுலதான் நிக்கணும். உன் தங்கச்சியும் நிப்பா. ஸ்டோரு வேலய பர்மனென்ட் பண்ணித் தரன். உக்காந்த எடத்துல பொழச்சிக்கோ.”

இவ்வளவுதான் பேச்சு. நான் காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். அவன் கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன். ஜெபசீலியைக் கண் கலங்க விட்டதில்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் தானே கஷாயம் எடுத்துக்கொண்டு வருவான். ஆனால் என் கையால் ஏறி நின்றுகொண்டு, என் கை சரியில்லை என்று எழுதினான். அவன் என் வீட்டைக் கொளுத்தியிருந்தால் மன்னித்திருப்பேன். உங்களுக்கு அரம் பிடித்துப் பழக்கம் இருக்காது. அதனால் இது பெரிதாகத் தெரியாமல் போகலாம்.

அவனிடம் அதற்குப் பிறகு முகம் கோணவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். ஆடி பிறந்து சாரல் பிடித்தது. பெல்ட்டுகள் தளர ஆரம்பித்தன. தைக்கிற வேலையை ஜான்பீட்டர் மாணவர்களிடம் விடமாட்டான். காலை மணி அடிப்பதற்கு முன்னால், மாணவர்கள் மைதானத்தில் வரிசையாக நிற்கும் நேரத்தில், தானே ஏறுவான். அது என் வேலைக்கு வசதியாக இருந்தது.

ஒரு வாரம் பழகினேன். ஸ்டோருக்குச் சீக்கிரமாக வந்து, முப்பத்தொன்றாம் வில்லையை மெயின் சுவிட்சின் கீழே இருக்கும் கொக்கியில் மாட்டிச் சத்தமில்லாமல் எடுப்பேன். முதல் இரண்டு நாள் வில்லை சுவரில் மோதிச் சத்தம் கேட்டது. ஒருமுறை தரையிலும் விழுந்தது. கொக்கி வளைந்திருந்ததுதான் காரணம். குறடு வைத்து நிமிர்த்தினேன். ஆறாம் நாள் ஒரு சத்தமும் இல்லை.

சுவிட்ச் இருக்கும் இடத்திலிருந்து பட்டறை தெரியாது, நடுவில் தடுப்புச் சுவர். மணி அடித்ததும் சுவிட்சைப் போடுவது அட்டெண்டர் முனிசாமியின் வேலை. வீட்டில் தெலுங்கு பேசுகிற மனிதன், படிக்கத் தெரியாது. ஆனால் அவனைப்போல ஜாக்கிரதையான ஆளை நான் கண்டதில்லை. கொக்கி காலியாக இருப்பதைப் பார்த்தாலும் அவனுக்குப் போதாது. என் ஜன்னலுக்கு வந்து, பலகையில் ஏதாவது ஆணி காலியாக இருக்கிறதா என்று பார்ப்பான். வாயாலும் ஒருமுறை கேட்பான். அதற்குப் பிறகுதான் கையைச் சுவிட்சுக்குக் கொண்டுபோவான். தினமும் கேட்பது ஒரே கேள்விதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஜான்பீட்டர் வந்து ஒன்றாம் எண் வில்லையை எடுத்தான். பட்டறையைப் பெருக்கிவிட்டு வெளியே வந்த இரண்டு மாணவர்கள், அவன் அதைக் கொக்கியில் மாட்டியதைப் பார்த்தார்கள். அவர்கள் உங்களிடம் சொன்னது உண்மை. அவர்கள் வரிசைக்கு ஓடினார்கள். அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஜன்னலில் நின்று, “வில்ல மாட்டியிருக்கன் மச்சான், பாத்துக்கோ” என்றான். நான் தலையை ஆட்டினேன்.

ஏணி தண்டில் சாய்ந்த சத்தம் கேட்டது. அவன் படிகளை எண்ணி ஏறுகிற வழக்கமுள்ளவன். ஒன்பது வரை எண்ணியதைக் கேட்டேன். பிறகு ஸ்டோரிலிருந்து வெளியே வந்தேன். வலது கையில் இரண்டு விரலால் வில்லையை எடுத்தேன். சத்தம் இல்லை. மூன்றடி நடந்து பலகைக்கு வந்து, ஒன்றாம் ஆணியில் மாட்டிவிட்டு என் ஸ்டூலில் உட்கார்ந்தேன். மணி அடித்தது. முனிசாமி வந்தான். கொக்கியைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான்.

“வில்லைங்க எல்லாம் ஊடு சேந்துதுங்களா?”

“சேந்துது” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. முப்பத்தொன்றும் அதனதன் ஆணியில்தான் இருந்தன.

அந்த மோட்டார் எடுத்த எடுப்பில் வேகம் பிடிக்காது. முதலில் முனகும். ஏணியை விட்டுக் குதிக்க அவனுக்கு நேரம் இருந்திருக்கும். ஆனால் அவன் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். தண்டுக்குப் பக்கத்தில் போகும்போது கையை மடித்துவிடு என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவன் ஒரு தடவை என்னைக் கூப்பிட்டான். மச்சான் என்றுதான் கூப்பிட்டான். முனிசாமி உடனே சுவிட்சை அணைத்தான். அப்புறம் தடுப்புச் சுவரைத் தாண்டி ஓடியவன் திரும்பி வரவில்லை, அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். நான் ஸ்டோரைப் பூட்டிவிட்டுத்தான் போனேன். ஆட்கள் ஓடி வரும்போது சாமான்கள் காணாமல் போகும்.

நேற்று உங்கள் அறிக்கையை எல்லோரையும் உட்காரவைத்துப் படித்தீர்கள். முனிசாமி பட்டறைக்குள் எட்டிப் பார்த்திருக்கவேண்டும், அதனால் அவனை வேலையிலிருந்து நீக்கலாம் என்றீர்கள். அவன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டான். பிறகு என்னைப் பற்றிப் படித்தீர்கள். ஸ்டோர்கீப்பர் தேவமணிக்கு வலது கையில் தீராத நடுக்கம் இருப்பதாகப் பத்துப் பேர் சாட்சி சொல்கிறார்கள். கொக்கியைக் கடந்துபோகும்போது கை தவறி வில்லையைத் தட்டிவிட்டு, விழுந்ததைப் பழக்கத்தில் பலகையில் மாட்டியிருக்கலாம். இது குற்றம் அல்ல, இயலாமை. இவருக்கு இரக்கத்தின் பேரில் இலேசான வேலை கொடுக்கலாம். படித்து முடித்ததும் அத்தனை பேரும் என் கையைப் பார்த்தார்கள். நான் அதை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு ஜெபசீலி வந்தாள். இரண்டு பிள்ளைகளும் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தன. என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

“நீ என்னா பண்ணுவ அண்ணா. காய்ச்சல் வந்ததுல இருந்து உன் கை இப்படித்தான். அதுக்குத்தான நான் உனக்கு அர டம்ளருக்கு மேல ஊத்தறதே இல்ல. அவருக்கும் தெரியும். உன் மனசு நோவும்னு சொல்லாம வெச்சிருந்தோம்.”

ஒன்பது வருஷமாக இருவரும் என் முதுகுக்குப் பின்னால் இதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்காகத்தான் நான் அந்த நம்பரைக் குத்தினேன். அவளும் அவன் பக்கம்தான் நின்றிருக்கிறாள். புருஷனைப் பறிகொடுத்தவள் என்னைத் திட்டியிருந்தால், அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மன்னித்துவிட்டாள். நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முனிசாமிக்காக மனம் இரங்கி எழுதுகிறேன் என்று நீங்கள் நினைத்தால், அது என்மேல் உங்களுக்கு உள்ள நல்ல எண்ணம். அவனுக்கு வேலை திரும்பக் கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் நான் வந்தது அந்த ஒரு பத்தியைத் திருத்தத்தான். வில்லை விழவில்லை. கை தவறவில்லை. ஜான்பீட்டர் ஏணியில் இருக்கிறான் என்று தெரிந்து, முனிசாமி வந்து கேட்பான் என்று தெரிந்து, நான் அதை எடுத்தேன், நான் அதை மாட்டினேன். ஜான்பீட்டரைக் கொன்றவன் நான்தான். வழக்கு கோர்ட்டுக்குப் போகட்டும். என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். தீர்ப்பு எழுதும்போது இந்தக் காரியம் துல்லியமான கையால் செய்யப்பட்டது என்று ஜட்ஜ் ஐயா ஒரு வரி சேர்க்கவேண்டும். அதன் நகல் ஒன்றை ஜெபசீலிக்கு அனுப்பவேண்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
தேவமணி

எழுத்து பல இடங்களில் கோடு தாண்டி ஓடியிருக்கும். நிப்பு சரியில்லை.